கோழித்தொடையில் பழகிய தையல்

அம்பத்தூர் கறிக்கடையில் கோழித்தொடை வாங்குவேன், குழம்புக்கு அல்ல. நுண்ணோக்கியில் பார்த்து அதன் ரத்தக்குழாயை வெட்டித் தைத்துப் பழகத்தான். குழாய் ஒரு மில்லிமீட்டர் இருக்கும், நூல் தலைமுடியைவிட மெல்லியது. மூச்சைச் சற்று வேகமாக விட்டாலே ஊசி விலகும்.

இந்தத் தையல் எதற்கு? வாயில் புகையிலை அடக்கிப் புற்று வந்தவருக்குத் தாடையெலும்பை எடுத்தால் முகம் சரியும், சோறு மெல்ல முடியாது. 1989-இல் அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ வெளியிட்ட முறையில், கீழ்க்காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து, தாடை வடிவில் அமைத்து, அதன் குழாயைக் கழுத்துக் குழாயோடு தைக்கிறார்கள். பிறகு பல்லும் பொருத்தலாம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேர, பல் படித்தவர் கை அங்கே வேண்டும். அதனால் இந்த ரத்தக்குழாய்த் தையலைப் பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டாயம் கற்றுத்தர வேண்டும்.

இரண்டு வாரமாகியும் வாய்ப்புண் ஆறவில்லையா? அது புற்றாகவும் இருக்கலாம். வேலப்பன்சாவடி சவீதா பல் கல்லூரிக்கோ, பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ உடனே போய்க் காட்டுங்கள்.