பாச்சை உருண்டை போட்டால் பெட்ரோல் வீரியமாகுமா?

பெட்ரோல் டேங்கில் ரெண்டு பாச்சை உருண்டை போட்டா வண்டி பறக்கும் என்பது நம்ம பக்கம் ரொம்ப நாளாகச் சொல்லப்படும் கைவைத்தியம். தின்னர் ஊத்தலாம், ஸ்பிரிட் கலக்கலாம், அசிட்டோன் விடலாம் என்று ஆளுக்கொரு பக்குவம் சொல்வார்கள். இதில் எது வேதியியல், எது வெறும் நம்பிக்கை என்று பிரித்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கே போதும்.

முதலில் ஒன்று. ஆக்டேன் என்பது பவர் இல்லை, பொறுமை. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் நெருக்கப்படும்போது சூடாகின்றன. ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். அப்படிப் பரவும்போது, மூலையில் இன்னும் எரியாமல் கிடக்கும் மிச்சக் கலவை மேலும் நெருக்கப்பட்டுச் சூடேறும். தீ வந்து சேரும் வரை அது பொறுத்திருந்தால் நல்லது. பொறுக்காமல் தானாகவே ஒரே அடியாகப் பற்றிக்கொண்டால், உலோகத்தைத் தட்டுவது போல 'டக் டக்'னு சத்தம் வரும். இதுதான் நாக்கிங். விடாமல் நடந்தால் பிஸ்டன் தலையில் குழி விழும், ரிங் உடையும்.

இந்தப் பொறுமைக்கான அளவுகோலில் ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோலுக்கு 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை சோதனை இன்ஜினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்கிறது என்று அர்த்தம். அமெரிக்க பங்க்கில் 87 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அவர்கள் பெட்ரோல் மட்டம் என்று நினைக்க வேண்டாம். அங்கே இரண்டு சோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள். நம்ம கணக்கில் அது ஏறத்தாழ 91தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு எரிபொருளில் இன்னொன்றைக் கலந்தால், தோராயமாக அவரவர் பங்குக்கு ஏற்றபடிதான் ஆக்டேன் மாறும். டேங்கில் 91 ஆக்டேன் பெட்ரோல் 10 லிட்டர் இருக்கிறது, எடை 7.4 கிலோ என்று வைப்போம். நாலு கிராம் உருண்டை ரெண்டு போட்டால் 8 கிராம். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. நாஃப்தலீனுக்கு தாராளமாக 120 ஆக்டேன் கொடுத்தாலும் ஏற்றம் வெறும் 0.03. இதை எந்த இன்ஜினும் உணராது. பெட்ரோல் ஆவியானதும் உருண்டையின் மிச்சம் திடப்பொருளாக கார்புரேட்டர் ஜெட்டில் படிய வாய்ப்புண்டு. இன்னொன்று, சில உருண்டைகள் நாஃப்தலீனே இல்லை, டைகுளோரோ பென்சீன். அது எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும்.

டொலுயீன் கதை வேறு. அதன் ஆக்டேன் 120ஐ ஒட்டியது, உண்மையிலேயே வேலை செய்யும். 1988 ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஹோண்டாவின் டர்போ இன்ஜின் குடித்த எரிபொருளில் 84 சதவீதம் டொலுயீன்தான். ஆனால் அளவைப் பாருங்க: 91ஐ 95 ஆக்க கிட்டத்தட்ட 14 சதவீதம் வேண்டும், 10 லிட்டர் கலவைக்கு 1.4 லிட்டர். கடையில் விற்கும் தின்னர் சுத்த டொலுயீனும் அல்ல. அசிட்டோன், மெத்தனால் எல்லாம் டப்பாவுக்கு டப்பா மாறும். அவை ரப்பர் குழாயையும் சீலையும் உப்ப வைக்கும், அலுமினியத்தை அரிக்கும்.

எத்தனாலுக்கு ஆக்டேன் 108 வாக்கில் உண்டு. ஆனால் லிட்டருக்கு வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைவு, மைலேஜ் இறங்கும். சாதாரண ஸ்பிரிட்டில் தண்ணீரும் இருக்கும். தண்ணீர் கூடினால் எத்தனால் அதோடு சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்துவிடும். ஆக்டேன் ஏற்ற ஊற்றியது கீழே போய்விட, மேலே நிற்கும் பெட்ரோலுக்கு ஏற்றமே இல்லை.

அப்போ சொட்டு அளவில் வேலை செய்யும் மருந்தே கிடையாதா? இருந்தது. 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த டெட்ரா எத்தில் லெட். அது கலவைக் கணக்கில் வேலை செய்யவில்லை. எரியும்போது உண்டாகும் ஈய ஆக்சைடு துகள்கள், தானாகப் பற்றிக்கொள்ள வைக்கும் சங்கிலி வினையையே அறுத்துவிட்டன. அதனால்தான் லிட்டருக்கு ஒரு கிராம் அளவே போதுமானதாக இருந்தது. விலை கொடுத்தது வேறு ஆட்கள். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் புகையோடு ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்தது. ஆல்கஹாலும் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது மிட்ஜ்லிக்கே அன்றைக்குத் தெரியும். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில், 2021இல்.

ஆக, வீட்டில் கிடைப்பதில் கொஞ்சமாகப் போட்டு வேலை செய்வது எதுவும் இல்லை. வேலை செய்வதை லிட்டர் கணக்கில் ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறையில் எரியும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். வீட்டுக்குள் வாளி வைத்துக் கலக்குகிற வேலை வேண்டவே வேண்டாம்.

வண்டி நாக் ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை: பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கிறதா, டைமிங் சரியா, பிளக் அந்த இன்ஜினுக்கு உரியதா, இன்ஜின் அதிகம் சூடாகிறதா, மேடேறும்போது டாப் கியரிலேயே இழுக்கிறோமா. இதெல்லாம் சரியாக இருந்தும் தட்டினால் பங்க்கிலேயே 95 கிடைக்கிறது. கையேட்டில் 91 போதும் என்று எழுதியிருந்து வண்டியும் தட்டாமல் ஓடினால், அந்த 95க்குக் கொடுக்கும் காசும் வீண்தான்.