கருவிழிப் புண்ணும் அழற்சியும்

அறுவடைக் காலத்தில் நெல்லின் சுணையோ கரும்புத் தோகையோ கண்ணில் படுவது உழவர் வாழ்வில் அடிக்கடி நிகழ்வதாகும். ஓசூர், தளி, கெலமங்கலம் பகுதிகளில் ரோஜா முள்ளும், கேழ்வரகுக் களத்துத் தூசும், பட்டறைகளில் தெறிக்கும் இரும்புத் துகளும் இவற்றோடு சேர்கின்றன. சிறு கீறல்தானே என்று வாளாவிருந்தால், சில நாட்களில் அது புண்ணாகிப் பார்வையையே பறித்துவிடக்கூடும்.

கருவிழியை மூடியுள்ள தெளிந்த படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடையது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால் ஒளி தடையின்றி உட்செல்கிறது. படலம் கீறப்பட்டால் அவ்வழியே பாக்டீரியாவோ பூஞ்சையோ நுழைகின்றது. தழையாலும் மண்ணாலும் உண்டாகும் காயங்களில் பூஞ்சையின் அச்சம் மிகுதி.

கிருமியை எதிர்க்க உடல் வெள்ளணுக்களை அனுப்புகிறது. கண் சிவத்தல், வலி, நீர் வடிதல், வெளிச்சத்தில் கூசுதல் ஆகியவை இந்த அழற்சியின் அறிகுறிகள். அழற்சி உடலின் காவலே; ஆயினும் வெள்ளணுக்கள் சுரக்கும் நொதிகள் கிருமியோடு படலத்தின் நார்களையும் கரைக்கின்றன. பயிரில் புகுந்த மாட்டை விரட்டச் சென்றோர் பயிரையும் மிதித்ததற்கு இது ஒப்பாகும். புண் ஆறினாலும், மக்கள் 'பூ' என்று கூறும் வெண்தழும்பு நின்றுவிடுகிறது.

அவ்வாறாயின் அழற்சியை மட்டும் அடக்கினால் போதாதா? போதாது. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைக் குறைக்கும். ஆனால் காவல் தளர்வதால் பூஞ்சை உள்ளே பரவும். பாக்டீரியாப் புண்ணிலும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்குகொண்டு 500 நோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு சேர்த்ததால் பொதுவாகப் பார்வையில் கூடுதல் நன்மை காணப்படவில்லை. எனவே எக்கிருமி என்று மருத்துவர் ஆராய்ந்தறிந்த பின்னரே மருந்து இடவேண்டும்.

வருமுன் காப்பது எளிது. மதுரை மாவட்டத்தில் சுமார் 48,000 மக்கள் வாழ்ந்த இரு ஊராட்சிகளில், கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராம சுகாதாரத் தொண்டர்கள் உடனே களிம்பு மருந்து இட்டனர். ஏறக்குறைய அனைவருக்கும் காயம் புண்ணாகாமலே ஆறிற்று.

ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. கதிரடிப்போரும் பட்டறைத் தொழிலாளரும் காப்புக் கண்ணாடி அணிதல்.
2. கண்ணில் இலைச்சாறு, தாய்ப்பால் முதலியவற்றை விடாதிருத்தல், கண்ணைக் கசக்காதிருத்தல்.
3. காயம் பட்ட அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுதல்; கருவிழியில் வெண்புள்ளி தோன்றினால் கண் மருத்துவரிடம் உடனே செல்லுதல்.

இவற்றை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எடுத்துரைத்தால், கூலிக்கு உழைக்கும் குடும்பம் ஒன்றின் கண்ணொளியேனும் காக்கப்படும்.