மூதூருக்கு ஒரு படகுப் பயணம்

கோவில் திருவிழா நமக்குத் தெரியும். கந்தூரி தெரியும். மாதா கோவில் பெருநாளும் தெரியும். ஆனால் மீனையும் நண்டையும் சமைத்துக் கடற்கரையில் வைத்து, அயலூர்ச் சனங்களை அழைத்துச் சாப்பிடவைக்கவும் ஒரு விழா நடத்துவார்களா என்று கேட்டால் சகோதரிகள் பலர் சிரிப்பீர்கள். உலகத்தில் எத்தனையோ சிறு பட்டினங்கள் இப்படியான விழாக்களால் பெயர் பெற்றிருக்கின்றன. அயர்லாந்தின் கோல்வே நகரில் 1954ஆம் ஆண்டு, செப்டெம்பர் மாதத்தில் ஆள்வரவு குறைகிறதே என்று கவலைப்பட்ட ஒரு ஹோட்டல் முகாமையாளர், அந்தக் காலத்தில் கிடைக்கும் சிப்பியை முன்வைத்து ஒரு சிறு விருந்தைத் தொடங்கினார். இன்றும் அது நடக்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், ரொக்லண்ட் என்ற துறைமுகப் பட்டினத்தில் ஆகஸ்ட் மாதத்தில் சிங்கி இறால் விழா நடக்கிறது. அது 1947இல் தொடங்கியது. அந்தக் கரையில் ஒரு காலத்தில் சிங்கி இறால் ஏழைகளின் சாப்பாடாகத்தான் இருந்ததாம். இப்போது அதைச் சாப்பிடத் தூர தேசங்களிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள்.

நம்முடைய மட்டியை நினைத்துப் பாருங்கள். தம்பலகாமக் குடாவிலும் கிண்ணியாக் கரையிலும் பெண்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, சேற்றைத் துழாவிப் பொறுக்குகிற மட்டி. மட்டிக் கறி என்றால் வசதியில்லாத வீட்டுக் கறி என்று முகம் சுழிப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். முதுகு நோகப் பொறுக்கி, அவித்து, சதை எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் காசு மிகச் சொற்பம். அதே மட்டி வறுவலாக ஒரு கோப்பையில், பக்கத்தில் இரண்டு துண்டு ரொட்டியோடு வந்தால் அதன் விலை வேறு. இடையில் நடந்தது சமையல் மட்டும்தான். அந்தச் சமையலும் நம் கையில் உள்ளதுதான்.

ஆகவே அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டாம். ஒரு சனிக்கிழமை, திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் படகில் போய்வருவதைப் பற்றிப் பேசுவோம்.

ஏன் சனிக்கிழமை? வெள்ளிக்கிழமையில் சைவக்காரர் பலர் மச்சம் தொடமாட்டோம். முஸ்லிம் சகோதரிகளுக்கு ஜும்ஆ நாள். ஞாயிறு காலையில் கிறிஸ்தவர்களுக்குப் பூசை. சனிதான் எல்லோருக்கும் தோதான நாள். மீன் சாப்பாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. இறைச்சி என்றால் யார் அறுத்தது, எப்படி அறுத்தது, மாடா ஆடா என்று ஆயிரம் கேள்வி. மீனுக்கு அந்தக் கேள்வி கிடையாது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் ஒரே வாங்கில் இருந்து ஒரே சட்டியிலிருந்து சாப்பிடக்கூடிய கறி நம் மாவட்டத்தில் மீன் கறிதான்.

பழைய ஆட்களுக்கு மூதூர் லோஞ்ச் நன்றாக நினைவிருக்கும். அப்போது தரை வழியில் மூதூருக்குப் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும். லோஞ்சில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். ஆஸ்பத்திரிக்கு, கச்சேரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சந்தைக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான். கோழிக் கூடும் நெல் மூடையும் தயிர்ச் சட்டியும் பிள்ளைத்தாய்ச்சியும் ஒன்றாக வந்த காலம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் மற்றப் பாலங்களும் வந்தன. பஸ் நேரே மூதூருக்கு ஓடத் தொடங்கியது. படகுக்கு இருந்த தேவை குறைந்தது. அது நல்லதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தேவைக்காக மட்டும் கடலில் ஏறிய நாம், ஒரு தடவை ஆசைக்காகவும் ஏறினால் என்ன?

உட்துறைமுகத்தை விட்டுப் படகு வெளிக்கிடும்போது ஒஸ்ரென்பேர்க் மேட்டையும் கடற்படைத் தளத்தையும் காணலாம். சீனன்குடாப் பக்கம் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள். ஏறக்குறைய நூறு கட்டினார்களாம். உட்துறை தாண்டியதும் கொட்டியாரக் குடா விரியும். மகாவலி கங்கை தன் நெடும் பயணத்தை முடித்துக் கடலில் கலப்பது இந்தக் குடாவில்தான். கங்கை கொண்டுவரும் வண்டலும் நன்னீரும் உப்புநீரோடு சேருகிற இடம் என்பதால்தான் இறாலும் நண்டும் மட்டியும் இங்கே செழிக்கின்றன. இறால்குழி என்று ஓர் ஊருக்குப் பெயர் வந்தது சும்மாவா? ஆனால் கரையோரம் இப்படி ஆழமற்றுக் கிடக்கும் அதே கடலின் அடியில், துறைமுகத்திலிருந்தே ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, வெளியே போகப் போக மூவாயிரம் மீற்றருக்கு மேல் ஆழமாகிறது. பெரிய கப்பல்களைத் திருகோணமலைக்கு இழுத்ததும் அந்த ஆழந்தான். திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருவதும் அதனால்தான். மூதூரில் இறங்கினால் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞன் தகப்பனோடு கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தக் கரையில்தான். பத்தொன்பது வருடங்களுக்குப் பின்னர் தப்பிப் போய்ப் புத்தகம் எழுதினான்.

இந்தக் கடலைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் சந்தோஷம் வரும் என்று எழுத எனக்கு மனமில்லை. 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. 2006 ஏப்ரலில் ஷெல்லுக்கும் குண்டுக்கும் பயந்து சம்பூர்ச் சனம் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு நடந்தன. அந்த நாட்களில்தான் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் மூதூரில் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் இதை வாசிப்பவர்களில் இருக்கலாம். கடற்கரை ஊரில் பிறந்த சம்பூர்ப் பெண்கள் கிளிவெட்டி முகாமில் நிவாரண அரிசியும் பருப்பும் மாவும் வாங்கித் தின்று ஒன்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2015இலும் 2016இலுந்தான் காணிகள் திரும்பக் கிடைத்தன.

போன வருடம் எங்கள் சங்கத்துப் பெண்கள் பதினான்கு பேர் இந்தப் பயணத்தைப் போனபோது, ஓர் அக்கா இறங்குதுறையில் வெகுநேரம் நின்றார். சுனாமிக்குப் பிறகு அவர் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. ஒருவரும் அவரை வற்புறுத்தவில்லை. பஸ்ஸில் வாருங்கள், மூதூரில் சந்திப்போம் என்று சொன்னோம். பாலம் வந்ததில் இப்படியும் ஒரு நன்மை! அவர் பஸ்ஸில்தான் வந்தார். நாங்கள் இறங்கியபோது, எங்களுக்கு முன்னரே வந்து சந்தையில் நண்டு விலை பேசிக்கொண்டு நின்றார்.

கடலைவிடப் பெரிய பயம் ஊர்வாய்க்கு. புருஷன் இல்லாதவளுக்குப் படகுச் சவாரி என்ன, காணாமல் போனவனைத் தேடித் திரிகிறவள் நண்டுக் கறி சாப்பிடப் போகிறாளாம் என்று சொல்லுவார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். மனுக் கொடுக்கவும் விசாரணைக்கும் கச்சேரிக்கும் போகும்போது இதே வாய்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு பெண் அழுதுகொண்டு போனால் பாதை விடுவார்கள், சிரித்துக்கொண்டு போனால்தான் மறிப்பார்கள். ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டதனால் பிள்ளையைத் தேடுவதை நிறுத்திய தாயை நான் இதுவரை காணவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்றும் மழையுமாகக் கடல் கொந்தளிக்கும், அப்போது வேண்டாம். சித்திரை முதல் ஆவணி வரை நல்லது. முதல் நாள் வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைக் கேளுங்கள். பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற படகா, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று காசு பேசும் முன்னரே கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவான அங்கி வேண்டும். "கிட்டத்தானே" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிஞ்சுகளும் இறந்தார்கள். அது ஆழ்கடல் அல்ல. கண்ணுக்கெட்டும் தூரத்தில் மறு கரை.

மூதூரில் சமைத்த சாப்பாட்டைக் கடையில் வாங்கலாம்தான். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. அங்குள்ள ஒரு பெண்கள் குழுவோடு முன்னரே பேசி, அவர்கள் வீட்டு வளவில் சேர்ந்து சமைத்தோம். மட்டியை உப்புத் தண்ணீரில் சில மணித்தியாலம் ஊறவிட்டால் மண்ணைத் துப்பிவிடும். அவித்த பின்னரும் வாய் திறக்காத மட்டியை எறிந்துவிட வேண்டும். சாக்கடை விழும் இடத்தில் பொறுக்கிய மட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். முட்டை சுமந்த நண்டு வலையில் வந்தால் கடலில் விட்டுவிடச் சொல்லி வாங்குபவர்களாகிய நாமே சொல்ல வேண்டும். அதை நாம் வாங்கினால் பிடிப்பவர் ஏன் விடப்போகிறார்? நண்டுக் கறிக்கு எங்கள் பக்கம் முருங்கையிலை போடுவோம். மூதூர்ச் சகோதரிகள் தேங்காயை வறுத்து அரைத்துப் போட்டார்கள். எது திறம் என்ற வாக்குவாதம் புட்டு முடியும் வரை முடியவில்லை. கடைசியில் எருமைத் தயிரும் சீனியும் வந்தபோதுதான் சத்தம் அடங்கியது.

அந்த வளவில் இருந்தபோதுதான் கணக்குப் பார்த்தோம். மீன், நண்டு, தேங்காய், விறகு எல்லாம் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு முடிந்தது, அதே சாப்பாட்டுக்கு நகரத்து ஹோட்டல்களில் வெளிநாட்டவரிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒரு பிள்ளை கொப்பியில் எழுதினாள். நடுவில் நின்ற தொகையைப் பார்த்து இரண்டு குழுக்களும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர் பந்தல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். இன்னொருவர், பிரதேச சபையில் கடற்கரைக்கு அனுமதி எடுக்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலிலேயே காட்டிவிடுவது நல்லது என்றார். சேர்த்த பணத்தைப் பொதுப் பெட்டியில் போடுவதா, சமைத்தவர்கள் பிரித்துக்கொள்வதா என்பதில் இன்னும் இணக்கம் வரவில்லை. பிரித்துக்கொள்வதுதான் சரி என்பது என் எண்ணம். பொதுப் பெட்டியின் திறப்பு யார் கையில் என்பதிலேயே எத்தனையோ சங்கங்கள் உடைந்திருக்கின்றன.

கச்சான் பெயரும் நாட்களில் பின்னேரம் குடாவில் அலை எழும்பும். அதனால் மூன்று மணிக்கு முன்னரே படகேறினோம். பஸ்ஸில் வந்த அக்கா திரும்பும்போதும் பஸ்ஸில்தான் போனார், மிச்சக் கறியை ஒரு சம்படத்தில் கட்டிக்கொண்டு.