கணினியை அணைப்பதா, ஓடவிடுவதா?

பூவிருந்தவல்லிக்கு மேற்கே வயல்வெளிகளுக்கும் வளர்ந்துகொண்டே வரும் நகரத்துக்கும் நடுவே இருக்கும் குத்தம்பாக்கம் போன்ற ஊர்களில், ஒரு தலைமுறைக்கு முன்பு கணினி என்பது ஏதோ ஒரு காரியாலயத்தின் குளிரூட்டிய அறையில் எட்டிப் பார்க்க வேண்டிய வஸ்துவாகவே இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் அதைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொண்டுவந்து கொடுத்ததோடு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழும் ஒரு புதிய வாதத்தையும் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. படுக்கப் போகும்போது அணைத்துவிட்டுப் போ என்பது பெரியவர்களின் கட்சி; அடிக்கடி அணைத்துப் போட்டால் யந்திரம் கெட்டுவிடும், ஓடட்டும் என்பது பிள்ளைகளின் கட்சி.

பிள்ளைகளின் கட்சி வெறும் சோம்பல் அன்று. அதற்கு மதிக்கத்தக்க பூர்வ சரித்திரம் உண்டு. 1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா சர்வகலாசாலை உலகுக்கு அறிமுகப்படுத்திய எனியாக் என்னும் ராட்சத யந்திரத்தில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. பழைய குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது பெரும்பாலும் போகாமல், சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் ‘பட்’டென்று போகுமே, அதே சுபாவம்தான் வால்வுக்கும்: உள்ளிருக்கும் இழை சூடேறி விரியும்போதும் ஆறிச் சுருங்கும்போதும்தான் அது அதிகமாகப் பழுதுபட்டது. ஆகையால், 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்குகிறதென்று தெரிந்திருந்தும், அதைப் பராமரித்த பொறியாளர்கள் அணைக்காமல் விடுவதே லாபமென்று கண்டார்கள். ஆபர்டீன் ராணுவ ஆய்வுத்தளத்துக்கு மாற்றப்பட்டு 1947 ஜூலையில் ஓடத் தொடங்கிய எனியாக், 1955 அக்டோபரில் ஓய்வு பெறும்வரை ஏறக்குறைய இடைவிடாமல் ஓடியது. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய நம் டிஃப்ராக்கும் 2,700 வால்வுகள் கொண்ட அதே குலத்தைச் சேர்ந்ததுதான்.

வால்வு போய்ச் சில்லு வந்துவிட்டது. பயம் மட்டும் நின்றுவிட்டது. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் அந்தப் பயத்துக்குச் சிறிது நியாயம் உண்டென்றாலும், மேசைக் கணினிக்கான டிஸ்க்குகளையே ஏறத்தாழ 50,000 முறை நிறுத்தித் தொடங்கலாமென்று கணக்கிட்டுத்தான் தயாரித்தார்கள். தினம் ஒரு முறை அணைக்கிறவனுக்குப் பத்து வருஷத்தில் ஆவது 3,650 தான். இன்றைய எஸ்எஸ்டியில் சுழல்வதற்கே ஒன்றுமில்லை. உண்மையான சத்துரு உஷ்ணம். மின்சாரம் வழங்கும் பெட்டியிலுள்ள கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி ஏறுந்தோறும் பாதியாகக் குறைகிறது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொது விதி. சித்திரை மாதத்துப் புழுக்கத்தில், மெத்தைமேல் காற்றுத் துவாரம் மூடிக் கிடக்க, சார்ஜர் செருகியபடியே விடிய விடிய ஓடும் மடிக்கணினியின் பேட்டரி சீக்கிரம் கிழடாவதில் ஆச்சரியமென்ன? செலவையும் பார்ப்போம். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் மேசைக் கணினி ஒன்றைத் தினம் பதினான்கு மணி நேரம் வீணே ஓடவிட்டால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 50 யூனிட் ஆகிறது. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில், அதில் பாதி யாரும் பார்க்காத திரைக்குப் போய்ச் சேருகிறது. பகலில் சற்று எழுந்து போகும்போது உறக்க நிலையில் வைத்துவிட்டுப் போனால் போதும். நினைவகத்தை மட்டும் உயிரோடு வைத்திருக்க ஓரிரு வாட்டே செலவாகும்.

அணைப்பதற்கு உஷ்ணத்தையும் செலவையும்விடப் பலமான காரணம் ஒன்று இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நெடுநேரம் ஓடும் நிரலில் சிறு பிசகுகள் மெல்ல மெல்லச் சேருகின்றன. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடா யுத்தத்தின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நூறு மணி நேரமாக அணைக்கப்படாமலிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தளம் ஒன்று, நேரத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணி வந்தது. அந்தப் பின்னத்தை இரும எண்ணில் மீதமின்றி எழுத முடியாது. வெட்டி விடப்பட்ட அணுவளவு மீதம் சேர்ந்து சேர்ந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்காகிவிட, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தளம் தவறான இடத்தில் தேடிற்று. இருபத்தெட்டு அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். இடையில் ஒரு முறை அணைத்துப் போட்டிருந்தால் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். இதனின்றும் பாடம் கற்றுவிட்டோம் என்றும் சொல்வதற்கில்லை: 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே சமயத்தில் நின்றுபோகக்கூடும் என்று, போயிங் 787 விமானங்களைக் குறித்த கால இடைவெளிகளில் அணைத்தெடுக்கும்படி அமெரிக்க விமானத்துறை 2015-இல் உத்தரவிட்டது.

ஆனால் ஒரு சூட்சுமம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, பல கணினிகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், சீக்கிரம் விழிப்பதற்காக இயங்குதளத்தின் மையப் பகுதி அப்படியே டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு மறுநாள் திரும்ப ஏற்றப்படுகிறது. முழுச் சுத்தமான தொடக்கம் வேண்டுவோர் வாரத்துக்கொரு முறையாவது ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பதே உசிதம்.

அம்பத்தூரில் எழும்பியிருக்கும் தரவு மையங்களுக்கு இந்த விதிகள் எவையும் பொருந்தா. நள்ளிரவிலும் யாரோ ஒருவர் கதவைத் தட்டுகிற இடங்கள் அவை, ஆகவே டீசல் ஜெனரேட்டர்களைக் காவலுக்கு நிறுத்திக்கொண்டு ஓயாமல் ஓடுகின்றன. வீட்டுக் கணினிக்கு அந்தக் காவல் இல்லை. ஐப்பசியில் இடி முழங்கும்போது ஷட் டவுன் செய்வதும் போதாது. அணைந்ததுபோலத் தோன்றும் மேசைக் கணினியினுள்ளும் விழித்தெழுவதற்காக ஐந்து வோல்ட் எப்போதும் நின்றுகொண்டிருப்பதால், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கையோடு இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும், ஏனெனில் மின்னல் அந்த வழியாகவும் வரும்.