கனடாவிலிருந்து வந்த கிற்றாரும் எங்கள் காட்டுக் கருங்காலியும்

மடுத் திருவிழா முடிந்து வந்த மறுநாள் எங்கள் பங்கின் பாடகர் குழாம் கிற்றார்ப் பெட்டியைத் திறந்தது. கம்பிகளைப் பிடித்திருக்கும் 'பிரிட்ஜ்' கட்டைக்கும் முன்பலகைக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஓகஸ்ட் வெயிலில், கண்ணாடி ஏற்றிய வானுக்குள் பகல் முழுக்க அதை வைத்துவிட்டோம். அந்தக் கிற்றாரின் விலையில் மன்னாரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

அனுப்பியவர் என் தாய்மாமா. 1990இல் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறியவர். ஆளுக்கு ஒரு பைதான் என்று ஓட்டி சொல்லிவிட, தன் கிற்றாரை அயல்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அந்த வீடும் இல்லை, கிற்றாரும் இல்லை. மண்டபம் முகாம், சென்னை, ரொறன்ரோ என்று அலைந்து, ஓய்வுபெற்ற பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்கென்று வாங்கி அனுப்பியதுதான் இது. அதனால் பிளவைப் பார்த்ததும் எங்களுக்கு வயிறு கலங்கியது.

மன்னார் நகரில் வயதான ஓடாவி ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் பிளவைப் பார்க்கவேயில்லை. விரல் வைத்து வாசிக்கும் கறுப்புப் பலகையை நகத்தால் தட்டினார்.

"பிள்ளை, இது கருங்காலியெல்லோ? எங்கட காட்டில நிக்கிற மரத்தைக் கனடாவில இருந்தோ எடுக்கிறியள்?"

அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் வன்னிக் காடுகளில் கருங்காலியும் நிற்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு இலங்கையின் பெயரே உண்டு, 'சிலோன் எபனி'. மிக மெதுவாக வளரும். வெளிமரம் வெளிறியது, வைரம் மட்டுமே கறுப்பு. ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கே அதில் நாற்காலியும் கட்டிலும் செதுக்கினார்கள். எங்கள் ஊரில் அது கோடரிப் பிடி. தன் இனத்தையே வெட்ட உதவும் மரம் என்பதால்தான் காட்டிக்கொடுப்பவனுக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். மரத்தின் மேல் என்ன பிழை என்று எனக்கு விளங்கியதில்லை. இன்று அனுமதியில்லாமல் அதை வெட்டுவதும் ஏற்றுவதும் குற்றம்.

ஆகவே மாமாவின் கிற்றாரில் இருப்பது வன்னி மரமல்ல. இப்போது கிற்றார்களுக்குப் போகும் கருங்காலியில் பெரும்பங்கு மத்திய ஆபிரிக்காவின் கமரூனிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் ரெய்லர் கிற்றார் நிறுவனம் 2011இல் இன்னொரு நிறுவனத்துடன் சேர்ந்து அங்கே ஒரு மர ஆலையை வாங்கியது. முழுக் கறுப்பாக ஒரு மரம் கிடைக்கப் பத்து மரம் வரை வெட்டுகிறார்கள், கோடு விழுந்தவற்றைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் பொப் ரெய்லருக்குத் தெரியவந்தது. கோடு விழுந்த பலகையையும் இனித் தங்கள் கிற்றார்களில் போடுவோம் என்று அவர் அறிவித்தார். மாமாவின் கிற்றாரிலும் பழுப்புக் கோடு ஓடுகிறது. குறைந்த தரம் என்றே நாங்கள் முதலில் நினைத்தோம்.

பக்கங்களும் முதுகும் ஈட்டி மரம். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம், தமிழ்நாட்டிலும் தோதகத்தி என்று பெயர் உண்டு. முன்னர் உயர்ந்த கிற்றார்களுக்குப் பிரேசில் மரமே போனது. அது கிடைப்பது அரிதாகவே 1969இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017இல் அந்த மர இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது.

ஆனால் ஒலியைத் தீர்மானிப்பதில் முதல் இடம் முன்பலகைக்குத்தான். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் ஸ்புரூஸ் மரத்தை ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவி எடுப்பார்கள். ஆறு உருக்குக் கம்பிகளும் சேர்ந்து அதை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் இழுக்கின்றன. அத்தனையையும் தாங்குவது உள்ளே குறுக்காக ஒட்டிய சட்டங்களும் பசையும். மூடிய வாகனத்துச் சூட்டில் பசை இளகும், இழுவை குறையாது. கட்டை மேலெழும்பாமல் என்ன செய்யும்?

மின் பகுதி எளிமையானது. கம்பி அமரும் வெள்ளைத் துண்டின் கீழ் ஒரு பீசோ பட்டை இருக்கிறது. அழுத்தம் மாற மாற அது சிறு மின்துடிப்பைத் தரும். பக்கத்தில் பதித்த பெருக்கி, 9 வோல்ற் பற்றரியில் அதைப் பலப்படுத்தி ஸ்பீக்கருக்கு அனுப்பும். பற்றரி இறங்கினால் ஒலி கரகரக்கும். நற்கருணை நேரத்தில் எங்களுக்கு ஒருமுறை அது நடந்தது.

எங்கள் உண்மையான எதிரி காற்று. முழு மரக் கிற்றாருக்கு 45 முதல் 55 வீத ஈரப்பதன் வேண்டும் என்கிறார்கள் செய்பவர்கள். இரண்டு பக்கமும் கடல் உள்ள தீவில் அதற்கு எங்கே போவது? ஈரம் குடித்தால் முன்பலகை வயிறு தள்ளும், கம்பி உயர்ந்து விரல் நோகும். உப்பு, கம்பியையும் துருப்பிடிக்க வைக்கும். ஒட்டுப்பலகையில் செய்த மலிவான கிற்றார், ஓசையில் குறைந்தாலும், இந்தக் காற்றுக்கு அவ்வளவாக அசையாது. வெளிநாட்டிலிருந்து வாத்தியம் அனுப்ப நினைக்கும் உறவுகளுக்கு நான் சொல்வது: பெட்டி நல்லதாக இருக்கட்டும், ஈரம் உறிஞ்சும் பொதிகளையும் ஈரமானியையும் கூடவே அனுப்புங்கள். காசு மிஞ்சினால் ஒட்டுப்பலகைக் கிற்றார் ஒன்றும்.

ஓடாவி ஐயா பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை இட்டு, கிளாம்ப் போட்டு இரண்டு நாள் வைத்திருந்தார். கூலி வாங்கவில்லை. தன் வாழ்நாளில் இவ்வளவு மெல்லிய பலகையை இவ்வளவு இழுவையில் பார்த்ததில்லை என்றார்.

இப்போது அந்தக் கிற்றார் ஞாயிறு பூசைக்கு மட்டும் வெளியே வருகிறது. மடுவுக்கும் மற்ற ஊர்களுக்கும் ஒட்டுப்பலகைக் கிற்றார் போகிறது. நடந்ததை மாமாவுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. இந்தத் தளத்தை அவர் தினமும் காலையில் வாசிப்பவர்.