இல்லை, அல்ல, காணவில்லை

'அப்சென்ற்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் மாணவர் பாலர் வகுப்பிலேயே கேட்டுவிடுகின்றனர். ஆசிரியர் வரவு இடாப்பை விரித்துப் பெயர்களை அழைக்கும்போது, மறுமொழி வாராத பெயருக்கு வகுப்பு முழுவதும் ஒரே குரலாய் அச்சொல்லை எழுப்பும். இத்துணை எளிய சொல்லின் பெயர்வடிவாகிய 'அப்சென்ஸ்' என்பதனைத் தமிழில் எவ்வாறு கூறலாம் என்று மேல்வகுப்பு மாணவரை வினவினேன். சிலர் 'இன்மை' என்றனர். சிலர் 'வராமை' என்றனர். ஒருவர் 'குறைவு' என்றார். மூவரும் முற்றும் பிழைத்தாரல்லர். எனினும் மூன்றும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஆங்கில வழக்கினை நோக்குவோம். 'அப்சென்ஸ்' என்பது இலத்தீன் மொழியிலே 'விலகி', 'இருத்தல்' என்னும் இரு பொருட்கூறுகளின் சேர்க்கையாற் பிறந்தது. ஆகவே, ஓரிடத்தில் இருக்கவேண்டியது அவ்விடத்தை விட்டு விலகியிருத்தலே அதன் முதற்பொருள். உண்மையை அச்சொல் மறுப்பதன்று, இடத்தையே மறுக்கின்றது. 'லாக்' என்பதோ வேண்டப்படுவது இல்லாமையை அல்லது போதாமையைக் குறிப்பது. இதனை வினையாக வழங்கும்போது 'ஒவ்' என்னும் முன்னிடைச் சொல் வேண்டுவதில்லை. பெயராக வழங்கும்போது வேண்டும். நம் மாணவர் பெரிதும் தவறுமிடம் இதுவேயாம். 'ஷோர்ட்டேஜ்' அளவிலே குறைதல், 'ஸ்கார்சிட்டி' கிடைத்தற்கருமை. 'வான்ற்' என்பதும் தொடக்கத்தில் இல்லாமையையே குறித்தது. இல்லாததை மனம் நாடுமாதலின், பிற்காலத்திலே 'விரும்புதல்' என்னும் பொருளை ஏற்றது.

நம்மூர் நிகழ்ச்சிகளால் இவற்றை விளக்கலாம். மன்னார்க் கடலின் பார்களிலே 1905ஆம் ஆண்டில் முத்துச்சிப்பி பெருவாரியாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டிலே முத்துக்குளிப்பு உரிமை இலண்டன் கும்பனி ஒன்றுக்குக் குத்தகையாயிற்று. 1907க்குப் பின்னர்ச் சிப்பிவளம் குன்றிப் பல்லாண்டு குளிப்பு நிகழவில்லை. இது 'ஸ்கார்சிட்டி'. மாரி பொய்த்த ஆண்டிலே கட்டுக்கரைக்குளத்து நீர் வயலுக்குப் போதாமை 'ஷோர்ட்டேஜ்'. 1990இல் நின்ற தலைமன்னார்ப் புகையிரதம் 2015 மார்ச்சிலேதான் மீண்டது. இடைப்பட்ட காலத்து நிலையை 'அப்சென்ஸ்' எனலாம். இருக்கவேண்டியது இல்லாதிருந்தது, பின்னர் வந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். 'இல்லை' என்பது உளதாதலை மறுக்கும். 'அல்ல' என்பது இன்னதாதலை மறுக்கும். 'இது முத்தல்ல' என்றால் கையில் ஏதோ ஒன்று உண்டு. 'முத்து இல்லை' என்றால் கை வெறுமை. 'இன்றி', 'அன்றி' என்பனவும் அவ்வாறே வேறுபடும். 'இன்மை' என்னும் சொல் வறுமைக்கும் பெயராதலைத் திருக்குறளின் நல்குரவு அதிகாரத்திலே காணலாம்.

'இல்லை' என்பதில் ஒரு நுட்பம் உண்டு. 'ஐயா வீட்டில் இல்லை' என்றால் அவர் சந்தைக்கோ கோயிலுக்கோ போயிருக்கலாம். இடத்தைச் சுட்டாது 'ஐயா இப்போது இல்லை' என்றாலோ அவர் இறந்தாரென்றே கேட்போர் கொள்வர். ஓர் இடச்சொல் நீங்கியவுடன் 'அப்சென்ஸ்' மரணமாகிவிடுகின்றது.

இஃது ஏட்டளவில் நிற்கும் இலக்கணமன்று. போர்க்காலத்திலே மறைந்தோர்க்கு மரணச் சான்றிதழ் பெற மறுத்த குடும்பங்கள் பல. அவர்களை முன்னிட்டு 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வேறொரு சான்றிதழை ஏற்படுத்திற்று. அதன் ஆங்கிலப் பெயரிலே 'அப்சென்ஸ்' என்னும் நம் வகுப்பறைச் சொல்லே அமைந்துள்ளது. தமிழில் அது 'காணக்கிடைக்காமை' என வழங்குகின்றது. சொல் நீண்டதாயினும் பொருத்தமானது. 'இல்லாமை' என்று பெயர்த்திருப்பின், மரணச் சான்றிதழை மறுத்த தாயின் கையிலே அதனையே வேறு பெயரால் வைத்ததாகும்.

அதே ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் பெயரிலே 'காணாமற்போன' என்னும் தொடர் உள்ளது. உறவினரோ 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே கூறுவர். சொல்லிலே இத்துணைப் பிடிவாதம் ஏனென வியப்போர் உளர். இலக்கணம் விடை தரும். 'போதல்' தானே நிகழ்வது, எழுதுகோலும் காணாமற்போகும். 'ஆக்கப்பட்டார்' என்பது செயப்பாட்டு வினை. செய்தவன் பெயர் வெளிப்படாவிடினும் 'யாரால்?' என்னும் வினாவை அது உடன்கொண்டு நிற்கும். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்கப்படுதலைக் குற்றமாகவே கொண்டது.

இவ்விதி ஒருபாற் கோடாது எல்லார்க்கும் பொருந்தவேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியிலே எருக்கலம்பிட்டி முதலாய மன்னார்த்தீவு ஊர்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் ஊர் நீங்கினர். அவர்களை 'போனவர்கள்' என்று எழுதும் மாணவனின் தாளில் அச்சொல்லை அடித்து, 'வெளியேற்றப்பட்டவர்கள்' என்று திருத்துவது ஆசிரியர் கடன். தமக்கு நேர்ந்ததற்குச் செயப்பாட்டு வினையும் பிறர்க்கு நேர்ந்ததற்குத் தன்வினையும் கொள்வது இலக்கணமுமாகாது, நீதியுமாகாது.

எனவே, இன்மைப் பொருட் சொல்லொன்றை மொழிபெயர்க்கும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புக: அப்பொருள் எங்கேனும் உளதா? இங்கே இருக்கவேண்டியதா? இல்லாதது தானாகவா, பிறராலா? இவற்றிற்கு விடை கண்டபின் சொல்லைத் தெரிக.

நம் வீடுகளிலே வெளியே புறப்படுவோர் 'போறன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வாறன்' என்பர். அவ்வாறு சொல்லிச் சென்றவரைக் குறித்து, 'இல்லை' என்னும் சொல்லை வாய்திறந்து கூறாமலே இன்றும் வாசலை நோக்கியிருக்கும் தாயர் இக்கரையில் உளர். அவர்க்குரிய சொல் எதுவென்று அறிந்து எழுதுதல் கற்றோர் கடமையாகும்.