பரவல் கணினி அமைப்புகளில் பொருள்களின் இடவைப்பு: ஒரு விளக்கம்

முன்னுரை

கணினியியலில் 'பொருள்' என்னும் கலைச்சொல் சொற்பொருளையோ செல்வத்தையோ சுட்டுவதன்று. தரவுகளையும் அவற்றின்மீது நிகழும் செயல்களையும் ஒன்றாகப் பிணைத்த நிரல் அலகே பொருள் எனப்படுகிறது. நன்னூல் பெயர்ச்சொல்லுக்கு வகுக்கும் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் அறுவகையை இங்கு ஒப்புநோக்கலாம். குணமும் தொழிலும் இப்பொருளுக்குள்ளேயே அமைகின்றன. இடமோ வெளியிலிருந்து முடிவு செய்யப்படுகிறது. அம்முடிவின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு முரண் தேவைகள்

பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பியே பணிசெய்கின்றன. ஒரே கணினியின் முதன்மை நினைவகத்தை அணுக ஏறத்தாழ 100 நானோநொடி போதும். பிணையத்தின்வழி வேறொரு கணினிக்குச் செய்தி சென்று மீளப் பொதுவாகப் பல்லாயிரம் நானோநொடி ஆகும். ஆகவே, மிகுதியாகச் செய்தி பரிமாறும் பொருள்கள் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பினோ பிற கணினிகள் வாளா இருக்கும்.

சம சுமையுடைய அ, ஆ, இ, ஈ என்னும் நான்கு பொருள்களைக் கொள்வோம். அ–ஆ இடையே 100, இ–ஈ இடையே 100, ஆ–இ இடையே 5 செய்திகள் செல்கின்றன. அ, இ ஒரு கணினியிலும் ஆ, ஈ மற்றொன்றிலும் இருப்பின் 205 செய்திகள் பிணையத்தைக் கடக்கும். அ, ஆ ஒன்றிலும் இ, ஈ மற்றொன்றிலும் இருப்பின் 5 மட்டுமே கடக்கும். இரண்டிலும் சுமைப் பகிர்வு ஒன்றே.

தீர்வு முயற்சிகள்

பொருள்களைப் புள்ளிகளாகவும் செய்திப் போக்கைக் கோடுகளாகவும் கொண்டால், சிக்கல் வெட்டுண்ணும் கோடுகளைக் குறைப்பதாக மாறுகிறது. இரு பகுதிகளின் புள்ளிகளை மாற்றிமாற்றி வைத்து வெட்டைக் குறைக்கும் முறையைக் கெர்னிகனும் லின்னும் 1970இல் வெளியிட்டனர். இரு செயலிகளுக்கான மொத்தச் செலவைப் பிணையப் பாய்வுக் கணக்கால் துல்லியமாகக் குறைக்கலாம் என ஹெரால்ட் ஸ்டோன் 1977இல் காட்டினார். அவர் முறையில் சுமை சமமாதல் கட்டாயமன்று. சமபாதியாகப் பிரிக்கவேண்டும் என்னும் நிபந்தனை சேர்ந்தால், எந்நிலைக்கும் பொருந்தும் விரைவான துல்லியத் தீர்வு இதுவரை அறியப்படவில்லை.

மேலும், செய்திகளின் எண்ணிக்கை பெரும்பாலும் நிரல் இயங்கும்போதே தெரியவருகிறது. இயக்கத்தின் இடையே பொருள்களை இடம்பெயர்க்கும் வசதியை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எமரால்ட் அமைப்பு 1980களில் அளித்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான சார்ம் பிளஸ் பிளஸ், சுமையையும் செய்திப் போக்கையும் அளந்து பொருள்களை இடம்பெயர்க்கிறது.

முடிவுரை

பொருள் இருக்குமிடத்தை நிரலாளர் அறியாமலேயே அதனை அழைக்க இவ்வமைப்புகள் வழிசெய்கின்றன. இடம் மறைக்கப்படினும் தொலைவின் காலச்செலவு மறைவதில்லை. எனவே இடவைப்பு ஒருமுறை செய்து முடிப்பதன்று. அளந்து, மீண்டும் மீண்டும் திருத்தப்படுவது. 'இடஒதுக்கீடு' என்னும் சொல் வேறு பொருளில் நிலைபெற்றிருத்தலின், இக்கருத்துக்கு 'இடவைப்பு' என்பதே ஏற்புடைய கலைச்சொல்லாகும்.